"ஒண்ணும் ஆகலையே" கோஷ்டிக்கு ஒரு பெரிய கும்பிடு

கடைப்பக்கம் வந்து நாலு மாசம் ஆச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்டுல பொண்ணு நடக்க ஆரம்பிச்சுட்டா, அவ பின்னாடி ஓடவே நேரம் பத்தலை. இன்னிக்கு மொக்கை போட வரலை. செம கடுப்புல வந்திருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டுல பாட்லக். மினியாபொலிஸ் பக்கத்துல நம்மாளுங்க நிறைய பேர் இருக்குற ஒரு சபர்ப். புது வீடு, பெரிய ஹால், நடுவுல அம்சமா ஒரு கேஸ் ஃபயர்ப்ளேஸ். ஜம்முனு எரியுது. அதுக்கு மேல இருக்குற மேன்டில் பலகையில சாமி படம், படத்துக்கு சரம் சரமா பிளாஸ்டிக் மாலை. மாலையோட நுனி கண்ணாடிக்கு அரை அடி மேல ஊசலாடுது. கீழ நாலு வாண்டுங்க அந்தக் கண்ணாடிக்கு ஒரு கை தூரத்துல கார் ஓட்டி விளையாடுதுங்க.

நான் மெதுவா கேட்டேன், "அண்ணே, இதை சர்வீஸ் பண்ணீங்களா?"

"எதுக்கு தம்பி? சுவிட்ச் போட்டா எரியுது. அஞ்சு வருஷமா ஒண்ணும் ஆகலையே."

"கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கண்ணே இருக்கு?"

"அது சும்மா சும்மா கத்திட்டே இருந்துச்சுப்பா. கழட்டி வெச்சுட்டேன்."

சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. சிரிக்க முடியலை. ஏன்னா போன வருஷம் இதே வசனத்தை இதே மாதிரி சொன்ன ஆள் நான்தான்.

சரி, கொசுவத்தி சுத்துறேன்.

2024 டிசம்பர். வாடகைக்கு எடுத்த டவுன்ஹவுஸ்ல எங்களுக்கு முதல் குளிர்காலம். வெளிய மைனஸ் 22 டிகிரி செல்சியஸ். பொண்ணுக்கு ஏழு மாசம். அவளைப் பாத்துக்க அத்தை, அதாவது தங்கமணியோட அம்மா, விருதுநகர்ல இருந்து வந்திருந்தாங்க. அவங்களுக்கு குளிர் தாங்கலை. அதனால காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஃபயர்ப்ளேஸ் ஓடிட்டே இருக்கும். நாமதான் சிட்டி பில்டப் பார்ட்டியாச்சே, "பாருங்கத்தை, சினிமால வர்ற மாதிரி இருக்குல்ல"ன்னு பெருமை வேற.

நவம்பர்லயே ஹால்வேல இருந்த அலாரம் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவை "கீச்"னு கத்த ஆரம்பிச்சுது. பேட்டரி மாத்தினேன், நிக்கலை. ராத்திரி பாப்பா முழிச்சுக்குறா. கழட்டி கிச்சன் டிராயர்ல போட்டுட்டேன். பிரச்சனை தீந்துச்சு. டிக்கெட் க்ளோஸ்டு. :-)

அந்த ஸ்மைலியைப் போடும்போதே இப்ப கை கூசுது.

மூணு வாரம் கழிச்சு தங்கமணிக்கு தினமும் தலைவலி. அத்தைக்கு மயக்கம், குமட்டல். பாப்பா சரியா பால் குடிக்கலை, ஒண்ணு அழறா, இல்லேன்னா அசந்து தூங்குறா. யாருக்கும் காய்ச்சல் இல்லை. எனக்கு மட்டும் ஒண்ணும் இல்லை, ஏன்னா நான் பகல் பூரா ஆபீஸ்ல பொட்டி தட்டிட்டு இருந்தேன். ஃப்ளூ சீசன், எல்லாருக்கும் வர்றதுதான்னு விட்டுட்டேன். அத்தை உப்பு மிளகாய் எடுத்து பாப்பாவுக்கு திருஷ்டி சுத்திப் போட்டாங்க. அதையும் கிண்டல் பண்ணினேன்.

கிண்டல் பண்ணினவனுக்கு அதே அத்தைகிட்ட இருந்தே வெச்சாங்க பாருங்க ஆப்பு. ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டாங்க.

"மாப்ள, இங்க வந்து பாருங்க. இந்தக் கண்ணாடில உள்பக்கம் கரி புடிச்சிருக்கு. நாங்க மண்ணெண்ணெய் ஸ்டவ் வெச்சிருந்தப்போ பாத்திரத்துக்கு அடில கரி புடிச்சா, திரிக்கு காத்து பத்தலைன்னு அர்த்தம். இது சரியா எரியலை மாப்ள."

நான் பி.இ. படிச்சவன். கெமிஸ்ட்ரில கம்பஸ்டன் சமன்பாடு எழுதி மார்க் வாங்கினவன். "அத்தை, இது டைரக்ட் வென்ட்டு. புகை வெளிய போயிரும், பயப்படாதீங்க"ன்னு சொல்லிட்டு லேப்டாப்பை தொறந்துட்டேன்.

ஆனா மனசுல முள்ளு மாதிரி குத்திட்டே இருந்துச்சு. மறுநாள் பால் வாங்கப் போன இடத்துல 45 டாலருக்கு நம்பர் காட்டுற அலாரம் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். ஹால்ல சொருகினேன். ஃபயர்ப்ளேஸ் ஓடிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல நம்பர் வந்துச்சு. 68.

பூஜ்யமா இருக்க வேண்டிய இடத்துல 68 பிபிஎம். அலாரம் கத்தவே இல்லை, சும்மா நம்பரை மட்டும் காட்டிட்டு இருக்கு.

அணைச்சுட்டு எல்லாரையும் கார்ல ஏத்தி வெளிய இருந்து 911 கூப்பிட்டேன். தீயணைப்பு வண்டி வந்துச்சு, அப்புறம் கேஸ் கம்பெனி ஆள் வந்து வால்வை மூடி சிவப்பு அட்டை கட்டிட்டுப் போனார். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தப் பரிசோதனைல மூணு பேருக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்துச்சு. ஏழு மாசக் குழந்தை மூஞ்சில ஆக்சிஜன் மாஸ்க்கை புடிச்சுட்டு சில மணி நேரம் உக்காந்திருந்தேன். எல்லாரும் நல்லாயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி பாப்பாவை மடில வெச்சுட்டு நான் நினைச்சுப் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான்: டிராயர்ல கெடந்த அந்த அலாரம்.

மறுநாள் வீட்டு ஓனருக்கு போன் போட்டேன். அவரும் நம்மாளுதான். "தம்பி, எட்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே!"

இந்த வார்த்தையைத்தான் இன்னிக்கு கிழிக்க வந்திருக்கேன்.

முதல்ல "சுவிட்ச் போட்டா எரியுது" கோஷ்டி. உங்க ஃபயர்ப்ளேஸ்ல என்ன பாதுகாப்பு இருக்குன்னு தெரியுமா? சின்ன பைலட் சுடர் ஒண்ணு இருக்கும். அந்தச் சூட்டுல ஒரு தெர்மோபைல் உக்காந்து முக்கால் வோல்ட் அளவுக்கு மின்சாரம் தரும். அந்த மின்சாரம் இருக்குற வரைக்கும் கேஸ் வால்வு திறந்திருக்கும். சுடர் அணைஞ்சா வால்வு மூடிக்கும். புது மாடல்ல எலக்ட்ரானிக்கா சுடரை செக் பண்ணும். ரெண்டுலயும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "சுடர் இருக்கா?" புகை ஒழுங்கா வெளிய போகுதா, கண்ணாடியோட ஓரம் இறுக்கமா இருக்கா, முழுசா எரியுதான்னு அது கேக்கவே கேக்காது. நம்ம பாஷைல சொன்னா, சர்வர் பிங் ஆகுது, அதனால அப்ளிகேஷன் நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி. இப்படி ஒரு ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் உங்க டீம்ல எவனாவது குடுத்தா சும்மா விடுவீங்களா? வீட்டுக்கு மட்டும் எப்படி ஒத்துக்குறீங்க?

எங்க வீட்டுல என்ன ஆச்சுன்னு சர்வீஸ் பண்ண வந்தவர் காட்டினார். மூணு விஷயம். ஒண்ணு, உள்ள இருக்குற அந்த செராமிக் விறகுக்கட்டைங்க. முன்ன இருந்த யாரோ கழட்டி இஷ்டத்துக்கு அடுக்கியிருக்காங்க. அது அலங்காரம் மட்டும்னு நினைச்சா தப்பு. எந்தக் கட்டை எந்த ஆணில உக்காரணும்னு மேனுவல்லயே படம் இருக்கும். இடம் மாறினா சுடர் கட்டைல முட்டி, பாதி எரிஞ்சு, கரியும் கார்பன் மோனாக்சைடும் கக்கும். ரெண்டு, வெளிச்சுவர்ல இருக்குற வென்ட் மூடி. பனி சரிஞ்சு பாதி அடைச்சிருந்துச்சு. டைரக்ட் வென்ட்டுன்னா குழாய்க்குள்ள குழாய். வெளிக்குழாய் வழியா காத்து உள்ள வரும், உள்குழாய் வழியா புகை வெளிய போகும். அங்க அடைச்சா ரெண்டும் கெட்டுச்சு. மூணு, கண்ணாடியைச் சுத்தி இருக்குற கேஸ்கெட் நைஞ்சு போயிருந்துச்சு. உள்ளேயே இருக்க வேண்டிய புகைக்கு ஹாலுக்கு வர வழி கிடைச்சிருச்சு.

தனித்தனியா பாத்தா மூணும் சின்ன பக். மூணும் ஒரே குளிர்காலத்துல சேர்ந்ததுலதான் ப்ரொடக்‌ஷன் கவுந்துச்சு. "எட்டு வருஷமா ஒண்ணும் ஆகலை"ன்னா, எட்டு வருஷமா மூணும் ஒண்ணா சேரலைன்னு மட்டும்தான் அர்த்தம்.

அடுத்தது "நாத்தம் வந்தா தெரியாதா" கோஷ்டி. கேஸ் கசிஞ்சா நாத்தம் வரும். அதுவும் கேஸோட சொந்த நாத்தம் இல்லை, மெர்காப்டன்னு சேக்குற ஒரு சரக்கு. 1937 மார்ச் 18-ல டெக்சஸ்ல நியூ லண்டன் ஊர் பள்ளிக்கூடத்துல வாசனையே இல்லாம கசிஞ்ச இயற்கை வாயு வெடிச்சு, ஏறக்குறைய 300 பேர் செத்தாங்க. பெரும்பாலும் புள்ளைங்க. அதுக்கப்புறம்தான் இந்த நாத்தத்தைக் கட்டாயமாக்கினாங்க. ஆனா அந்த மெர்காப்டன் எரியாத கேஸுக்குத்தான் காவல். அரைகுறையா எரிஞ்சு வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்துல ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா புடிச்சுக்கும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சிடிசி சொல்ற கணக்குப்படி, தீ விபத்து இல்லாம தற்செயலா இந்த வாயுவால மட்டும் வருஷத்துக்கு 400-க்கு மேல சாவு, ஒரு லட்சத்துக்கு மேல எமர்ஜென்சிக்கு ஓடுறாங்க.

பணக்காரன், ஏழை பேதமும் கிடையாது. வைடஸ் ஜெருலைடிஸ்னு ஒரு டென்னிஸ் வீரர், 1977-ல ஆஸ்திரேலியன் ஓபன் ஜெயிச்சவர். 1994 செப்டம்பர்ல நண்பரோட பங்களால கெஸ்ட் ரூம்ல தூங்கினவர் எழுந்திருக்கவே இல்லை. நீச்சல்குளத்து ஹீட்டரோட புகை சரியா வெளிய போகாம ரூமுக்குள்ள வந்துருச்சு. வயசு 40. நம்ம ஊர்ல ஊட்டி, கொடைக்கானல்ல குளிருக்கு ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சு தூங்கினவங்க செய்தியைப் படிச்சுட்டு "படிக்காதவங்க, பாவம்"னு உச்சுக் கொட்டுறோம்ல? அதே வாயுதான் சாமி. நம்மகிட்ட ரிமோட் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அலாரம் "சும்மா கத்துது"ன்னு சொல்றவங்களுக்கு: அது சும்மா கத்தாது. நாலு தடவை கத்தி, நிறுத்தி, திரும்ப நாலு தடவை கத்தினா விஷவாயு, வெளிய ஓடுங்க. நிமிஷத்துக்கு ஒரு கீச்சுன்னா பேட்டரி போச்சு, இல்லேன்னா அலாரத்தோட ஆயுசே முடிஞ்சுது. உள்ள இருக்குற சென்சார் மாடலைப் பொறுத்து 5-ல இருந்து 10 வருஷம்தான் தாங்கும். பின்னாடி தேதி போட்டிருக்கும், இப்பவே கழட்டிப் பாருங்க. நான் டிராயர்ல போட்டது செத்துப்போன அலாரம். அது "நான் செத்துட்டேன், வேற ஆளை வைங்க"ன்னுதான் மூணு நாளா கத்தியிருக்கு. எனக்குப் புரியலை.

இன்னொரு விஷயம். அமெரிக்க அலாரங்களுக்கான யுஎல் 2034 தரப்படி 70 பிபிஎம்ல ஒரு மணி நேரத்துல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ள கத்தினா போதும். 30 பிபிஎம்னா கத்தவே கூடாது. அதனாலதான் என் 68-க்கு சத்தமே இல்லை. வீட்டுல கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க இருந்தா நம்பர் காட்டுற மாடலா வாங்குங்க. மினசோட்டா சட்டப்படி ஒவ்வொரு படுக்கையறைக்கும் பத்தடிக்குள்ள ஒரு அலாரம் இருக்கணும். ஆயிரம் டாலர் போனுக்கு ஐம்பது டாலர் கவர் வாங்குற கூட்டம் நாம. புள்ள உசுருக்கு 45 டாலர்னா கணக்குப் பாக்குறோம்.

அந்தக் கண்ணாடி இருக்கே, அது தனி வில்லன். ஓடும்போது 200 டிகிரி செல்சியஸ் தாண்டும். அணைச்சப்புறமும் ரொம்ப நேரம் சூடு இருக்கும். நடக்கப் பழகுற குழந்தை தடுமாறினா ரெண்டு கையையும் எதிர்ல இருக்குறதுல ஊணும். வெளிச்சமா, அழகா, அதோட உயரத்துல இருக்குற பொருள் எது? 2015 ஜனவரி 1-க்கு அப்புறம் தயாரான ஃபயர்ப்ளேஸ்ல கண்ணாடி 172 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும்னா தடுப்பு வலை கூடவே வரணும்னு தரவிதி. நம்மாளுங்க என்ன பண்றாங்க? "லுக் போகுது"ன்னு வலையைக் கழட்டி கராஜ்ல வைக்கிறாங்க. அதுக்கு முன்னாடி தயாரானதுல வலையே இருக்காது, தனியா வாங்கி மாட்டணும். நவராத்திரிக்கு ஃபயர்ப்ளேஸ் முன்னாடி கொலுப்படி, பட்டுத்துணி விரிச்சு, சீரியல் லைட்டு. வைங்க, வேணாங்கலை. ஆனா கொலு முடியுற வரைக்கும் அதை கேஸ் வால்வுலயே மூடுங்க. சுவிட்சை எந்த வாண்டும் தட்டலாம்.

அடுத்து, வென்ட்டே இல்லாத மாடலை விக்குறவங்க. "சூடு துளி வீணாகாது, எல்லாம் ரூம்லயே நிக்கும்"னு விப்பாங்க. ஆமாம் சாமி, புகையும் ரூம்லயேதான் நிக்கும். 30,000 பிடியூ பர்னர் முழுசா எரிஞ்சாலே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா ரூமுக்குள்ள வரும். ஜன்னல்ல ஈரம், சுவர்ல பூஞ்சை. ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு வந்தா அணைக்கிற சென்சார் அதுல இருக்கு, ஒத்துக்குறேன். அது அளக்குறது ஆக்சிஜனை. கார்பன் மோனாக்சைடை இல்லை. கலிஃபோர்னியால வீட்டுக்குள்ள இதை விடுறதே இல்லை. வாங்குறதுக்கு முன்னாடி யோசிங்க.

கடைசியா நம்ம "நானே பண்ணிக்குறேன்" கோஷ்டி. வீடியோ பாத்துட்டு ஸ்க்ரூட்ரைவர் எடுக்குற நம்ம இஞ்சினியர் புத்தி. பண்ணக்கூடியது என்னன்னு சொல்றேன். பனி பெஞ்சா வெளிய போய் வென்ட் மூடியைச் சுத்தி தள்ளி விடுங்க. மாசம் ஒரு தடவை அலாரம் பட்டனை அமுக்குங்க. கண்ணாடில கரி இருக்கான்னு பாருங்க. இந்தச் சுடரை அழகுக்காக மஞ்சளாவே எரிய விடுறாங்க, அதனால நிறத்தை வெச்சு சொல்ல முடியாது, கரிதான் அடையாளம். வெள்ளையா படலம் படிஞ்சா நல்லா ஆறினப்புறம் அதுக்குன்னு விக்கிற கிளீனரால துடைங்க, அமோனியா சரக்கு வேணாம். சுவிட்ச் போட்டு சில நொடி கழிச்சு "டமார்"னு பத்துச்சுன்னா உள்ள கேஸ் சேந்து பத்துதுன்னு அர்த்தம், அதோட நிறுத்துங்க. கேஸ் நாத்தம் வந்தா எந்த சுவிட்சையும் தொடாம வெளிய போய் போன் பண்ணுங்க.

பழைய விறகு ஃபயர்ப்ளேஸ்ல கேஸ் கட்டை வெச்சிருந்தா, புகைபோக்கில டேம்பர் முழுசா மூடாம இருக்க ஒரு கிளாம்ப் மாட்டியிருக்கணும். இருக்கான்னு கேளுங்க.

மத்ததெல்லாம் ஆள் பாக்குற வேலை. பர்னர் துவாரத்துல சிலந்தி கூடு கட்டும். சிரிக்காதீங்க, சிலந்தி பெட்ரோல் டேங்க் குழாய்ல கூடு கட்டுதுன்னு மஸ்டா கம்பெனி 2011-ல காரையே திரும்ப வாங்கி சரி பண்ணுச்சு. நேஷனல் ஃபயர்ப்ளேஸ் இன்ஸ்டிட்யூட் சான்றிதழ் இருக்குற ஆளா பாத்து, வருஷம் ஒரு தடவை, குளிருக்கு முன்னாடி கூப்பிடுங்க. எனக்கு ஆன செலவு 180 டாலர். வாடகை வீடுன்னா ஓனருக்கு போன் பண்ணாதீங்க, மெயில் போடுங்க. "எப்ப சர்வீஸ் ஆச்சு, ரசீது இருக்கா"ன்னு எழுத்துல கேளுங்க. எழுத்துல கேட்டா "ஒண்ணும் ஆகலையே"ன்னு எழுத்துல பதில் போட எவனுக்கும் தைரியம் வராது. என் ஓனருக்கும் வரலை, ரெண்டே நாள்ல ஆள் அனுப்பிட்டார்.

"ஏன்டா இவ்வளவு சீன்? பாட்லக்ல சந்தோஷமா சாப்பிடாம"ன்னு அன்னிக்கே ஒருத்தர் கேட்டார். அண்ணே, நாலு குழந்தைங்க அந்தக் கண்ணாடிகிட்ட விளையாடிட்டு இருந்துச்சு. அதுல ஒண்ணு என்னோடது. நான் என் பொண்ணைத் தூக்கிட்டு சீக்கிரமே கிளம்பிட்டேன். தங்கமணிக்கு சங்கடம்தான். நண்பர் மூஞ்சி தூக்கி வெச்சிருக்கார். பரவாயில்லை. அவர் இந்தப் பதிவைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, கோபம் இருந்தா இருக்கட்டும், அந்த அலாரத்தை மட்டும் மாட்டிருங்க. இல்லேன்னா நானே வாங்கிட்டு வந்து மாட்டுறேன்.

அத்தை இப்ப விருதுநகர்ல. வாரா வாரம் வீடியோ கால்ல பேத்தியைப் பாத்ததும் அடுத்த கேள்வி, "கண்ணாடில கரி இருக்கா மாப்ள?" கேமராவைத் திருப்பிக் காட்டிட்டுத்தான் பேச்சே.

டிஸ்கி 1: நான் பொட்டி தட்டுறவன், கேஸ் மெக்கானிக் இல்லை. சந்தேகம் இருந்தா ஆளைக் கூப்பிடுங்க, பின்னூட்டத்துல என்கிட்ட வால்வு படம் போடாதீங்க.

டிஸ்கி 2: கும்முறவங்க தாராளமா கும்மலாம். ஆனா கும்முறதுக்கு முன்னாடி உங்க வீட்டு அலாரத்துக்குப் பின்னாடி என்ன தேதி இருக்குன்னு எழுதிட்டு கும்மணும். தேதி இல்லாத பின்னூட்டம் வெளியிடப்பட மாட்டாது. :-)